பெங்களூரு பக்கத்து ஊர்தானே? கிறிஸ்துமஸுக்கு முன் புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு 90 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 140. சென்னைக்குப் போவதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைக்கிற நம் வீடுகளில், பெங்களூரு என்றால் மட்டும் யாரும் எதையும் திட்டமிடுவதில்லை. காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. டிசம்பர் மாதத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று வாரங்களில், குடும்பத்தோடு அங்கே போய்ச் சலிப்போடு திரும்புகிறவர்களின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் எல்லாத் தவறும் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்தே கிளைத்திருப்பது தெரியும்.

தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதே முதல் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நாங்கள் ஆறு பேர் கிருஷ்ணகிரி ரவுண்டானாவை ஏழு மணிக்குக் கடந்தோம். குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் என்று ஊர்கள் சரசரவென்று பின்னால் போயின. எட்டரைக்கெல்லாம் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் நின்றோம். லால்பாக்கில் மரத்தடியில் உட்கார்ந்து பதினோரு மணிக்குச் சாப்பிடலாம் என்று அத்தை இட்லியும் எள்ளுப் பொடியும் கட்டி எடுத்து வந்திருந்தார். பதினோரு மணிக்கு நாங்கள் பொம்மனஹள்ளியில், மேம்பாலத் தூண் ஒன்றின் நிழலில், இன்ஜினை அணைத்துவிட்டு நின்றிருந்தோம். முன்னால் ஒரு கம்பெனிப் பேருந்து. அதன் கடைசிக் கண்ணாடி வழியாக ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருக்க, அத்தை மடியிலேயே வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோர் கையிலும் இரண்டிரண்டு இட்லியாக வைத்தார். முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரமும், அடுத்த 25-க்கு இரண்டரை மணி நேரமும் ஆகியிருந்தன.

ஓசூர் சாலையின் நெரிசலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வார நாள் காலைகளில் சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி ஆகிய இடங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களும், ஓசூரிலிருந்து தினமும் போய்வருகிறவர்களும் நம்மோடு ஒரே திசையில் நகர்கிறார்கள். வெள்ளி மாலையில் ஊருக்குப் புறப்படும் பெங்களூருத் தமிழர்களால் நகரத்தை விட்டு வெளியேறும் பக்கம் அடைபடுகிறது. ஞாயிறு இரவும் திங்கள் காலையும் அதே கூட்டம் உள்ளே திரும்புகிறது. ஆகவே சனிக்கிழமை விடியற்காலையில் உள்ளே போய், ஞாயிறு பிற்பகலில் வெளியே வருகிறவர் இரண்டு முறையும் நெரிசலுக்கு எதிர்ப்பக்கத்தில் பயணம் செய்கிறார். வெள்ளி காலையில் போய் வெள்ளி இரவே திரும்பலாம் என்று நாங்கள் போட்ட கணக்கு இரண்டு முறையும் கூட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய்த் தள்ளியது. டிசம்பர் 23, 24 தேதிகளில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அந்த இரண்டு நாளும் வெளியேறும் பக்கம் முழுவதுமே வெள்ளிக்கிழமை மாலைதான்.

வண்டியை நகரத்தின் நடுவரை கொண்டுபோவது அடுத்த தவறு. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் நம் பக்கத்து மக்களுக்காகவே போட்டது போல அமைந்திருக்கிறது. அது ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திராவில் தொடங்கி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக 19 கிலோமீட்டர் ஓடி ஆர்.வி. ரோடு நிலையத்தில் முடிகிறது. அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறினால் ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், லால்பாக், நேஷனல் காலேஜ், கே.ஆர். மார்க்கெட், சிக்பேட்டை, மெஜஸ்டிக் என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. லால்பாக்குக்கும் சிக்பேட்டைக்கும் ஒரே ஒரு மாற்றம் போதும். எம்.ஜி. ரோடு போகிறவர் மட்டும் மெஜஸ்டிக்கில் இன்னொரு முறை ஊதா வழித்தடத்துக்கு மாற வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே பொம்மசந்திராவில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுவிடுவது நல்லது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறிவிட்ட பேருந்து நேரே சில்க் போர்டு பக்கம்தான் இறங்கும். காரில் போகிறவர்கள், வண்டியை எங்கே விடுவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யாவிட்டால், மிச்சப்படுத்திய நேரத்தை அங்கே செலவழிக்க நேரும்.

ரயிலை எண்ணிப் பார்க்காமல் விடுவது தருமபுரிக்காரர்கள் செய்யும் தவறு; ரயிலை நம்பித் திட்டம் போடுவது கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையமே கிடையாது. சேலத்திலிருந்து வரும் பாதை தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, கெலமங்கலம், ஓசூர் வழியாகப் பெங்களூருக்குள் நுழைகிறது. எர்ணாகுளம் இன்டர்சிட்டி அதில்தான் ஓடுகிறது. 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கிய கோவை வந்தே பாரத் தருமபுரியிலும் ஓசூரிலும் நிற்கிறது. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. எனவே டிசம்பர் 20-ஆம் தேதி இருக்கைக்கு அக்டோபர் 21-ஆம் தேதியே உட்கார வேண்டும். பழைய 120 நாள் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு ஆகஸ்டில் தேடிவிட்டு, ரயிலே இல்லை என்று கைவிட்டவர்களும் உண்டு.

நாட்களைப் பற்றிய தவறுகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நானே அதில் ஒருமுறை முழுதாக ஏமாந்திருக்கிறேன். பசவனகுடியில் பெரிய நந்தி கோயிலை ஒட்டி நடக்கும் கடலைக்காய்ப் பரிசை என்ற நிலக்கடலைத் திருவிழா, கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை வரும் என்று சொல்வார்கள். நான் நம் நாட்காட்டியைப் பார்த்து, டிசம்பர் இரண்டாம் வாரத்துத் திங்கட்கிழமையைக் குறித்து வைத்துக்கொண்டு, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். அந்தக் கோயில் இருக்கும் புல் டெம்பிள் சாலையில் ஒரு கடலை ஓடுகூட இல்லை. நமக்குக் கார்த்திகை சூரியக் கணக்கில் நவம்பர் நடுவில் பிறந்து டிசம்பர் நடுவில் முடிகிறது. கன்னடக் கார்த்திகையோ சந்திரக் கணக்கில், தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையோடு முடிந்துவிடுகிறது. 2025-இல் நமக்குக் கார்த்திகை முதல் தேதி பிறந்த அதே திங்கட்கிழமை, நவம்பர் 17-இல், அவர்களுக்குக் கடைசித் திங்கள் வந்துவிட்டது. அங்கே கடலை குவிக்க வரும் வியாபாரிகளில் நம் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை முன்கூட்டியே கேட்டிருந்தால்கூடப் போதும்.

லால்பாக் மலர்க் கண்காட்சியும் இப்படித்தான் குழப்பத்துக்கு உள்ளாகிறது. அது குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி, ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடப்பது. டிசம்பரில் கண்ணாடி மாளிகையில் பூ அலங்காரத்தை எதிர்பார்த்துக் குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. (1889-இல் அடிக்கல் நாட்டிய அந்த மாளிகையும், அருகில் உள்ள பழம்பெரும் பாறையும், 240 ஏக்கர் மரநிழலும் பூ இல்லாமலேயே பார்க்கத் தகுந்தவைதான்.) டிசம்பரில் உண்மையாகவே நடப்பது கேக் கண்காட்சி, 1975-இல் தொடங்கிய அது மாத நடுவிலிருந்து புத்தாண்டு வரை நீளும். நடக்கும் இடம் மாறியிருக்கிறது என்பதால், போன முறை பார்த்த மைதானத்தையே ஆட்டோக்காரரிடம் சொல்லாமல், இந்த ஆண்டு எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வார விடுமுறைகளும் உண்டு. பன்னேருகட்டா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நேரு கோளரங்கம் திங்களன்று மூடியிருக்கும். சிக்பேட்டையின் மொத்த விற்பனைக் கடைகளில் பல ஞாயிறன்று திறப்பதில்லை. கிறிஸ்துமஸ் துணிக்கு அங்கே போகிறவர்கள் சனிக்கிழமையையே அதற்கு ஒதுக்கி, கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம். விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமைகளில் பெருங்கூட்டம் வருகிறது. அமைதியாகச் செபிக்க விரும்புகிற முதியவர்களை அழைத்துப் போக அது ஏற்ற நாள் அல்ல. இன்னொன்று, பன்னேருகட்டாவை நகரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு அடைய வேண்டியதில்லை. பொம்மசந்திராவிலிருந்தே ஜிகணி வழியாகத் திரும்பிவிடலாம். பூங்காவையும் பிரிகேட் ரோடு விளக்கு அலங்காரத்தையும் ஒரே நாளில் அடக்கப் பார்ப்பவர்கள் இரண்டையும் அரைகுறையாகவே பார்க்கிறார்கள்.

பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு அரையாண்டுத் தேர்வு என்ற சுவர் இருக்கிறது. தேர்வு முடிந்து விடுமுறை விடும்போது கிறிஸ்துமஸே வந்துவிடும் என்பதால், டிசம்பர் முதல் வாரத்துச் சனி, ஞாயிறில் போய்விடுவதே நல்லது என்பது என் கருத்து. விளக்கு அலங்காரம் அப்போது குறைவாக இருக்கும். ஆனால் நடப்பதற்கு இடம் இருக்கும்.

குளிரைப் பற்றி நம்மவர்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தருமபுரி அதில் ஏறத்தாழப் பாதி உயரம்தான். ஆகவே சூளகிரி தாண்டியதுமே காற்று மாறுவதை உணரலாம். டிசம்பரில் அங்கே இரவு வெப்பநிலை 16 டிகிரியை ஒட்டியும் பகல் 27 டிகிரியை ஒட்டியும் இருக்கும். கனத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறவர் பதினோரு மணிக்கெல்லாம் அதைக் கழற்றி நாள் முழுக்கக் கையில் சுமக்கிறார். ஒன்றுமே எடுக்காமல் போகிறவர் மாலை ஆறரைக்குமேல் பேருந்து நிறுத்தத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். மெல்லிய சால்வையும் குழந்தைகளுக்குக் குல்லாவும் போதும். இருசக்கர வாகனத்தில் விடியுமுன் புறப்படுகிறவர்கள் கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றி அல்ல, ஓசூர் பக்கத்து மூடுபனியைப் பற்றி; நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திய லாரியின் பின்பக்கம் அதில் கடைசி நொடியில்தான் தெரியும். ஏழரை மணிவரை காத்திருந்து புறப்படுவதே சரி.

டிசம்பர் பனிக்காலம், மழை முடிந்துவிட்டது என்று நினைப்பதும் ஆபத்தானது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பின், 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் இழுத்துப்போனதை நாம் பார்த்தோம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் பெங்களூரிலும் இரண்டு மூன்று நாள் விடாத தூறலும் மூட்டமும் இருக்கும். பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் அறை பதிவு செய்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சிறிய தவறுகள் சில. கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு இலவசப் பேருந்து என்பது கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். நம் ஆதார் அட்டையைக் காட்டி நடத்துநரிடம் வாதாடிப் பயனில்லை. வாடகைக் காரில் போனால், அகில இந்தியப் பர்மிட் இருக்கிறதா அல்லது கர்நாடக வரி கட்டியாகிவிட்டதா என்று ஓட்டுநரிடம் முந்தின நாளே கேட்க வேண்டும்; வெள்ளை எண்பலகை உள்ள சொந்தப் பயன்பாட்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டப்படி குற்றம். ஆட்டோ மீட்டரில் 2025 ஆகஸ்டிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று தெரிந்திருந்தால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். கே.ஆர். மார்க்கெட்டில் ரோஜாவின் அழகில் மயங்கிக் கட்டுக்கட்டாக வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு சொல்: அதில் ஒரு பகுதி, ஓசூர், தளி, கெலமங்கலம் தோட்டங்களிலிருந்து முந்தின இரவு போன பூவாகவே இருக்கும்.

திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில் மதுரை, திருச்சி செல்லும் நெடுந்தூரப் பேருந்துகள் கிருஷ்ணகிரி டிக்கெட்டை ஏற்றத் தயங்குகின்றன. ஏற்றினாலும் பேருந்து நிலையத்துக்குள் வருவதில்லை. கைக்குழந்தை, இரண்டு துணிப்பைகள், ஒரு காகித நட்சத்திரம் ஆகியவற்றோடு இரவு பன்னிரண்டு மணிக்கு சுங்கச்சாவடி அருகே இறக்கிவிடப்பட்டு, லாரிகளின் காற்றில் நட்சத்திரம் கிழிந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊருக்குள் போக ஆட்டோ தேடிய குடும்பத்தில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு, ஏறும் படியிலேயே நின்று, 'ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?' என்று கேட்டுவிட்டே உள்ளே போகிறேன்; பைபாஸ் என்று பதில் வந்தால், தம்பிக்குப் போன் செய்து வண்டியோடு வரச் சொல்ல எனக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கிறது.