ரியோதமஸ் யார்? ஒரு நிழல் தளபதியை நாமே தேடிப் பார்க்கும் முறை

கி.பி. 470 வாக்கில், இன்றைய பிரான்ஸின் நடுப்பகுதியில், ஒரு பிரித்தானியப் படை கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரிடம் தோற்றுச் சிதறியது. அதன் தலைவன் பெயர் ரியோதமஸ். இந்தப் பெயரை இணையத்தில் தேடினால், பிரிட்டனின் பழங்கதை நாயகனைச் சுட்டி "இவன்தான் ஆர்தர் மன்னன்" என்ற பேச்சுதான் முதலில் வந்து நிற்கும். நானும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். ஆர்தரைத் தேடிக்கொண்டு போனால் எல்லாவற்றிலும் ஆர்தரே தெரிகிறார்; ரியோதமஸ் காணாமல் போய்விடுகிறான். அதனால் தேடலை எதிர்ப்பக்கமிருந்து தொடங்குவோம். லத்தீன் தெரிய வேண்டியதில்லை. மூல நூல்களின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பென்சில் போதும்.

படி 1: யார், எப்போது எழுதினார்?

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: எழுதியவர், எழுதிய ஆண்டு, இருந்த ஊர், சொன்ன செய்தி. சம்பவம் நடந்த காலத்துக்கு மிக அருகில் எழுதியவர் மேல் வரிசையில் வரட்டும்.

முதல் வரிசை சிடோனியஸ் அப்போலினாரிஸ். கோல் நாட்டு (இன்றைய பிரான்ஸ் பகுதி) ரோமப் பிரபு, பிறகு கிளெர்மோன் ஆயர். ரியோதமஸுக்கே கடிதம் எழுதியவர் (மூன்றாம் நூல், 9ஆம் கடிதம்). அடுத்து ஜோர்டானஸ், 551 வாக்கில், கான்ஸ்டான்டினோபிளில் உட்கார்ந்து கோத்துகளின் வரலாற்றை எழுதினார் (45ஆம் அத்தியாயம்). அதாவது எண்பது ஆண்டு கழித்து. மூன்றாவது தூர் நகர ஆயர் கிரெகோரி (இரண்டாம் நூல், 18ஆம் அத்தியாயம்). அவர் எழுதியது ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

ஆர்தர் கதையை விரித்து எழுதிய மான்மத் நகரத்து ஜெஃப்ரி 1136 வாக்கில்தான் வருகிறார். அவரையும் எழுதுங்கள், ஆனால் பக்கத்தின் அடியில். நடுவில் விழும் இடைவெளி எவ்வளவு பெரியது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

படி 2: கடிதத்தை மெதுவாகப் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கடிதம் சிறியது, சில வரிகள்தான். அதைக் கொண்டுபோனவன் ஓர் ஏழை. தன் அடிமைகளைப் பிரித்தானியர்கள் ரகசியமாக ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அவன் முறையீடு. சிடோனியஸ் அவனுக்காகப் பரிந்து எழுதுகிறார்.

அந்த முதல் வாக்கியத்தைப் பாருங்கள். நம் வழக்கப்படியே வணக்கத்தோடு புகாரையும் கலந்து அனுப்புகிறேன் என்று தொடங்குகிறார். "வழக்கப்படி" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். இருவருக்கும் இடையே முன்பே கடிதப் போக்குவரத்து இருந்திருக்கிறது. நம் கைக்கு வந்தது அதில் ஒன்றுதான். அடுத்து, பிறர் செய்த குற்றத்துக்கும் தான் கூச்சப்படும் மனிதர் நீங்கள் என்று ரியோதமஸைப் பற்றிச் சொல்கிறார். பாதி முகஸ்துதியாகவே இருக்கட்டும், ஒரு மனிதனின் குணம் பற்றி நேரில் அறிந்தவர் எழுதிய வரி அது. கடைசியில் ஒரு கவலை: தனியாள், நிராயுதபாணி, அந்நியன், ஏழை, இப்படிப்பட்டவனுக்கு அங்கே நியாயம் கிடைக்குமா? ஏனென்றால் எதிரில் இருப்பவர்கள் வாய்ச்சாலக்காரர்கள், ஆயுதம் ஏந்தியவர்கள், அடங்காதவர்கள். தங்கள் வீரத்தாலும் எண்ணிக்கையாலும் தோழமையாலும் துணிச்சல் ஏறியவர்கள்.

இதை வைத்தே ஐந்தாறு செய்திகளை எழுதிவிடலாம். ஒரு பெரும்படை ஊர்ப்புறத்தில் தங்கியிருக்கிறது. அக்கம்பக்கத்து ஆட்களோடு உரசல் நடக்கிறது. தலைவனிடம் முறையிட்டால் தீர்த்துவைப்பான் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. அவன் முகாமில் லத்தீன் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது, அது அவனாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிடோனியஸ் அவனை ராஜா என்று எங்கும் அழைக்கவில்லை. அந்தச் சொல் ஜோர்டானஸுடையது.

படி 3: மற்ற துண்டுகளை ஒட்டுங்கள், பென்சிலால்

ஜோர்டானஸ் சொல்வது இது: விசிகோத்து (மேற்குக் கோத்து) மன்னன் யூரிக் கோல் நாட்டைப் பிடிக்கக் கிளம்பியதும், ரோமப் பேரரசர் அந்தெமியஸ் (ஆட்சி 467–472) பிரித்தானியரின் உதவியைக் கேட்டார். அவர்கள் ராஜா 12,000 பேரோடு கடல் வழியாக வந்து இறங்கி, பூர்ஜ் நகரத்தில் வரவேற்கப்பட்டான். ரோமப் படை வந்து சேர்வதற்குள் யூரிக் பெரும்படையோடு பாய்ந்து, நெடுநேரப் போருக்குப் பின் வென்றான். ரியோதமஸ் மிஞ்சியவர்களோடு, ரோமரின் கூட்டாளிகளாக இருந்த பர்கண்டியர் என்ற இன்னொரு இனத்தாரிடம் ஓடினான்.

கிரெகோரி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: கோத்துகள் பிரித்தானியரை பூர்ஜிலிருந்து விரட்டினர், தெயோல் என்ற ஊரில் பலரைக் கொன்றனர். வரைபடத்தைத் திறந்து பாருங்கள்; தெயோல் பூர்ஜுக்குத் தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டர்.

இன்னொரு துண்டும் சிடோனியஸிடமே இருக்கிறது (முதல் நூல், 7ஆம் கடிதம்). கோல் நாட்டின் ரோம நிர்வாகத் தலைவராக இருந்த அர்வாண்டஸ் மீது 469இல் ரோமில் ராஜத்துரோக வழக்கு நடந்தது. அவர் யூரிக்குக்கு எழுதிய கடிதம் இடைவழியில் பிடிபட்டது. "கிரேக்கப் பேரரசரோடு", அதாவது அந்தெமியஸோடு, சமாதானம் வேண்டாம். லுவார் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பிரித்தானியரைத் தாக்க வேண்டும். கோல் நாட்டை பர்கண்டியரோடு பங்குபோட்டுக்கொள்ளலாம். இவ்வளவும் அதில் இருந்தது. கடிதம் தன்னுடையதே என்று அர்வாண்டஸ் ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் பென்சில். கிரெகோரியிடமோ அர்வாண்டஸ் வழக்கிலோ ரியோதமஸ் என்ற பெயரே கிடையாது. அவை இரண்டிலும் இருப்பது வெறும் "பிரித்தானியர்". பெயர் இருக்கும் செய்தியைப் பேனாவால் எழுதுங்கள். நாமாகச் சேர்க்கும் இணைப்பைப் பென்சிலால் எழுதுங்கள். இணைப்பு தப்பு என்று நான் சொல்லவில்லை. காலமும் இடமும் நன்றாகவே பொருந்துகின்றன. ஆனாலும் நம் கைவேலை எது, மூலம் எது என்று பத்து நாள் கழித்து நோட்டைத் திறக்கும்போதும் தெரிய வேண்டும்.

படி 4: பெயரைப் பிரியுங்கள்

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அறிஞர்கள் இந்தப் பெயரின் பழைய வடிவத்தை "ரிகோதமோஸ்" என்று மீட்டெடுக்கிறார்கள். பிரித்தானியர் பேசிய கெல்டிக் மொழியில் ரிக் என்றால் அரசன். லத்தீனில் "ரெக்ஸ்", சமஸ்கிருதத்தில் "ராஜன்", எல்லாம் ஒரே வேர். பின்னொட்டாக வரும் "தமோஸ்" அதற்கு மேல் இல்லை என்பதைக் குறிப்பது. நாம் அன்றாடம் சொல்லும் உத்தமன், புருஷோத்தமன் என்ற வடசொற்களில் இருக்கும் "தம" என்ற ஒட்டின் உறவுதான் அது. ஆக, பொருள் "அரசருள் தலைசிறந்தவன்".

அப்படியானால் இது பெயரா, பட்டமா? பட்டம் என்றால் உள்ளே வேறோர் இயற்பெயர் ஒளிந்திருக்கலாம். அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் எல்லா ஊகங்களும் நுழைகின்றன. ஆனால் வேர்ச்சொல்லில் அரசன் இருப்பதால் மட்டும் பட்டமாகிவிடாது. சீசரை எதிர்த்த கோல் நாட்டுத் தலைவன் வெர்சிஞ்செட்டோரிக்ஸ் பெயரிலும் அதே "ரிக்ஸ்" உண்டு. சிடோனியஸ் தனிக்கடிதத்தில் இந்தப் பெயரைச் சொல்லியே விளிக்கிறார். ஆகவே பெயர் என்பதே என் கணிப்பு.

படி 5: வேட்பாளர்களை நிறுத்திப் பாருங்கள்

அம்ப்ரோசியஸ் அவுரேலியானஸ் முதலில். ஆறாம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸ் இவரை, பிரிட்டனுக்குள் புகுந்த சாக்சன்களை எதிர்த்த ரோம வம்சத் தலைவர் என்று சொல்கிறார். ரியோதமஸும் இவரும் ஒருவரே என்று பிரெஞ்சு அறிஞர் லியோன் ஃப்லுரியோ வாதிட்டார். காலம் பொருந்துகிறது. ஆனால் கில்டாஸ் காட்டும் அம்ப்ரோசியஸின் போர்கள் பிரிட்டனில், சாக்சன்களோடு. கோல் நாடும் இல்லை, கோத்தும் இல்லை.

ஆர்தர் பக்கம் வாதாடியவர் ஜெஃப்ரி ஆஷ். மான்மத் ஜெஃப்ரியின் ஆர்தர் கோல் நாட்டுக்குப் படையெடுக்கிறார். அங்கே லியோ என்ற பேரரசர் பெயர் வருகிறது. கிழக்கு ரோமப் பேரரசர் முதலாம் லியோ ஆண்டது 457–474. கதையில் காயம்பட்ட ஆர்தரைக் கொண்டுபோகும் இடம் அவலோன்; ரியோதமஸ் ஓடிய பர்கண்டியில் அவலோன் என்று நிஜமாகவே ஓர் ஊர் உண்டு. கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும், எனக்கும் சிலிர்த்தது. இப்போது நோட்டைப் பாருங்கள். ரியோதமஸ் அவலோனுக்குப் போனதாக மேல்வரிசை மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. அவன் ரோமருக்காகப் போரிட்டவன். ஜெஃப்ரியின் ஆர்தர் ரோமரை எதிர்த்துப் போரிடுகிறார். ஆர்தரைப் "போர்த் தலைவர்" என்று சொல்லிப் பன்னிரண்டு போர்களை அடுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டு நூலிலும் கோத்துகளோடு ஒரு போர் இல்லை. கோல் படையெடுப்புக் கதைக்கு ரியோதமஸின் நினைவு ஒரு விதை போட்டிருக்கலாம். அதற்கு மேல் என் நோட்டு அனுமதிக்கவில்லை.

மூன்றாவது வேட்பாளரை யாரும் நிறுத்துவதில்லை: ரியோதமஸ், ரியோதமஸாகவே. ஐந்தாம் நூற்றாண்டில் கடல் தாண்டிவந்து கோல் நாட்டில் வேரூன்றிய பிரித்தானியரின் தலைவன். என் ஓட்டு இவனுக்குத்தான்.

படி 6: உங்களுக்கு ஒரு பயிற்சி

461இல் தூர் நகரில் கூடிய திருச்சபை மாநாட்டில் மன்சுவேத்தஸ் என்பவர் "பிரித்தானியரின் ஆயர்" என்று கையெழுத்திட்டிருக்கிறார். ஜோர்டானஸ் சொல்லும் கப்பல்களுக்குக் கிட்டத்தட்ட எட்டு ஆண்டு முன்பு. இந்த வரியை உங்கள் கட்டத்தில் சேர்த்துவிட்டு, அந்த 12,000 பேர் பிரிட்டன் தீவிலிருந்து நேராக வந்தார்களா, ஏற்கெனவே பிரிட்டனியில் (இன்றைய பிரான்ஸின் வடமேற்கு மூலை) குடியேறியிருந்தவர்களா என்று எழுதிப் பாருங்கள். பென்சிலால்.