சேர்வரின் ஒரு நாளை வரைபாக்குவது எப்படி?

மலையகத் தோட்ட அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னேரக் கொழுந்து நிறுவையைப் பதியும் வேளையிலும், செக்ரோல் எனப்படும் தொழிலாளர் வரவு, சம்பளக் கணக்கை முடிக்கும் நாட்களிலும் சேர்வர் இழுபடுகிறது என்று எழுதுவினைஞர்கள் முறையிடுகிறார்கள். புதிய இயந்திரம் வாங்குவதா, நினைவகத்தை மட்டும் கூட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டுமானால், முறைப்பாடு எழும் நேரத்தையும் இயந்திரம் திணறும் நேரத்தையும் ஒரே தாளில் பார்த்தாக வேண்டும்.

லினக்ஸ் சேர்வராயின் தரவு சேகரிக்க, இயந்திரத்தின் உழைப்பைப் பதியும் சிஸ்ஸ்டாட் (sysstat) மென்பொருள் தொகுப்பு போதும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் அதை நிறுவியதோடு நின்றுவிடாமல், அமைப்புக் கோப்பில் சேகரிப்பையும் இயக்கிவிடுங்கள். வழமையாக 10 நிமிடங்களுக்கு ஒரு பதிவு விழும். அந்தப் பதிவு அவ்வளவு நேரத்தின் சராசரியே. சிபியூ எனும் மையச் செயலி 1 நிமிடம் 100 சதவீதம் உழைத்து மீதி 9 நிமிடங்கள் சும்மா இருந்தால், வரைபில் 10 சதவீதம் என்றே தெரியும். எழுதுவினைஞர் திரையைப் பார்த்துக் காத்திருந்த அந்த ஒரு நிமிடம் காணாமற்போய்விடும். ஆகவே இடைவெளியை 1 நிமிடமாகக் குறையுங்கள். கோப்பு சற்றுப் பெருக்கும், அது பொருட்டல்ல.

சேர்ந்த தரவை அத்தொகுப்பின் சாட்எஃப் (sadf) கட்டளை, சிறிய எழுத்து டி (d) தெரிவோடு இயக்கினால், அரைப்புள்ளியால் பிரித்த வரிகளாகத் தரும். அதை வரைபு வரையும் மென்பொருளான க்னூபிளாட் (gnuplot) நேரடியாக வாசிக்கும். ஆனால் நேரம் உலகப் பொது நேரத்தில் வரும் என்பதை மறக்கக் கூடாது. இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியதாகையால், பின்னேரம் 4.30 மணி நெருக்கடி வரைபில் முற்பகல் 11.00 மணிக்கு நிற்கும். நிறுவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச்செல்லும். கட்டளையோடு பெரிய எழுத்து டி (T) தெரிவைச் சேர்த்தால் உள்ளூர் நேரம் கிடைக்கும்.

அடுத்தது மின்தடை. தென்மேல் பருவக்காற்றில் மரம் முறிந்து கம்பியில் விழுந்து, யூபிஎஸ் பட்டரியும் தீர்ந்து, சேர்வர் அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பதிவு 1.10 மணிக்கு; அடுத்தது 3.40 மணிக்கு. க்னூபிளாட் இவ்விரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும், பார்ப்பவரும் சேர்வர் அந்நேரம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்ததாக நம்பிவிடுவார். தரவில் மறுதொடக்கத்தைக் குறிக்கும் வரி இருக்கும். அவ்விடத்தில் வெற்று வரி ஒன்றை இட்டால் கோடு அறுந்து நிற்கும். அந்த நேரப்பகுதிக்குச் சாம்பல் நிறம் பூசி ‘மின்தடை’ என்று எழுதிவிடுவது இன்னும் நேர்மையானது.

வரையும்போது எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் திணிக்காதீர்கள். இடமும் வலமும் வெவ்வேறு அளவுத்திட்டம் கொண்ட வரைபு, உண்மையில் இல்லாத உறவைக் கண்ணுக்குக் காட்டும். சிபியூ பயன்பாடு, வன்தட்டுக்காகக் காத்திருக்கும் வீதம், நினைவகம் ஆகிய மூன்றையும் ஒரே நேர அச்சில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். சதவீத அச்சு எப்போதும் 0 முதல் 100 வரை இருக்கட்டும். லினக்ஸ் வெறுமையான நினைவகத்தைக் கோப்புகளின் தற்காலிகப் பிரதிகளுக்குப் பயன்படுத்துவதால் ‘காலியானது’ பெரும்பாலும் சொற்பமாகவே தெரியும். ‘கிடைக்கக்கூடியது’ என்ற நிரலையே வரையுங்கள்.

இறுதியாக, நிறுவைப் பதிவு, செக்ரோல், காப்புப்பிரதி ஆகியவை தொடங்கிய நேரங்களை நிலைக்குத்துக் கோடுகளாக இட்டு, சாதாரண நாளொன்றின் வரைபையும் அதே அளவுத்திட்டத்தில் அச்சிட்டு அருகில் வையுங்கள். நெருக்கடி நாளில் சிபியூ தாழ்ந்திருக்க, காப்புப்பிரதி தொடங்கிய கோட்டிலிருந்து வன்தட்டுக் காத்திருப்பு மட்டும் ஏறினால், செலவுக்கு முன் காப்புப்பிரதியை இரவுக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றிய பின்னரும் செக்ரோல் நேரத்தில் அது ஏறுமானால், வன்தட்டைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் வாங்கக் கேட்கும் கடிதத்தோடு இந்தத் தாள்களையும் இணைக்கலாம்.