பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேருங்கள்

வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி இரண்டுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. வட சென்னைப் பிள்ளைகளுக்கு பஸ் தூரம்தான், கட்டணமும் குறைவு. பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு நீட் கிடைக்காதவர்கள் ஏதோ ஒரு பி.எஸ்சி. என்று சேர்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான தகுதிப் பட்டியலில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் எல்லாம் உண்டு. விலங்கியல் பெயர் இல்லை. பாடம் பாதி ஒன்றுதானே என்று வாதாடிப் பயனில்லை, விண்ணப்பத்தில் பட்டத்தின் பெயரைத்தான் பார்ப்பார்கள். ஆனால் பள்ளி ஆசிரியராக விருப்பமென்றால் கதையே வேறு. விலங்கியல் அல்லது தாவரவியல், அப்புறம் பி.எட்., டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு, இதுதான் நேர்வழி. என்னைக் கேட்டால், வேலை அறிவிப்பு ஒன்றிரண்டைப் படித்துவிட்டே பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆய்வில் ஆசை உள்ளவர்கள் மூன்றாம் ஆண்டிலேயே கேட்-பி (GAT-B) எனும் உயிரித் தொழில்நுட்ப முதுகலை நுழைவுத் தேர்வு எழுதுங்கள். உதவித்தொகையோடு எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் படிக்க அது வழி. ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வெல்லாம் முதுகலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.