நல்ல தண்ணி யாருக்கு நல்ல தண்ணி? இளநிலை மாணவர்களுக்குப் பல்துறை ஆய்வு பழக்க

ஒரு துறையே விடை சொல்லிவிடக்கூடிய கேள்வி வேண்டாம். 'மயிலாப்பூர்க் கிணறுகளில் உப்பு எவ்வளவு?' என்றால் வேதியியல் மாணவர் ஒருவரே போதும். 'ஒரே தெருவில் ஒரு வீட்டில் கிணற்று நீரில் சமைக்கிறார்கள், எதிர்வீட்டில் கேன் வாங்குகிறார்கள், ஏன்?' என்று கேளுங்கள். அப்போது பொருளாதாரமும் வரலாறும் தானாகவே உள்ளே வரும்.

குழுவுக்கு 4 பேர், ஒரு தெரு, 20 வீடு. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

முதல் 2 வாரம் களத்துக்கு அனுப்ப வேண்டாம். சொற்களைப் பேசித் தீர்க்கட்டும். வீட்டில் 'நல்ல தண்ணி' என்பது நாக்கு சொல்வது. இந்தியத் தரநிர்ணயப்படி டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள உப்பு முதலானவற்றின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். அப்படியானால் 1200 காட்டும் கிணறு எந்தப் பக்கம்? இந்தச் சண்டை வகுப்பிலேயே நடந்துவிட்டால் நல்லது.

டிடிஎஸ் மீட்டரை, மின்கடத்துதிறன் செ.மீ.க்கு 1413 மைக்ரோசீமன்ஸ் என்று தெரிந்த கரைசலில் சரிபார்த்த பிறகே வெளியே எடுத்துப் போகவும். மேல்தொட்டிக் குழாயில் நீர் பிடிக்கக் கூடாது. அதற்கு நீர் ஏற்றும் சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) மெட்ரோ தண்ணியும் லாரித் தண்ணியும் கலந்திருக்கும். மோட்டாரை 5 நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரில் 3 முறை அலசி, கிணற்றிலிருந்து நேராகப் பிடிக்கவும். ஆகஸ்டில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை பெய்தபின் நவம்பரில் ஒரு முறை. மழைக்குப் பின் மட்டும் அளந்தால் உப்புக் கிணறும் சாதுவாகத் தெரியலாம்.

பேட்டியில் லிட்டர் கணக்கு கேட்டால் குத்துமதிப்பாகத்தான் பதில் வரும். எத்தனை குடம் என்று கேட்டு, அந்த வீட்டுக் குடத்தை அளந்துகொள்ளுங்கள். 'எந்த வருஷம் உப்பானது?' என்றால் யாருக்கும் நினைவிருக்காது. மழைநீர் சேகரிப்பு கட்டாயமான 2003, சுனாமி வந்த 2004, வெள்ளம் வந்த 2015, ஏரிகள் வறண்ட 2019: இவற்றுக்கு முன்னா, பின்னா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பெரும்பாலான குழுக்கள் கெடுவது கடைசியில்தான். துறைக்கொரு அத்தியாயம் எழுதி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். மதிப்பெண்ணைத் துறைவாரியாகப் பிரித்தால் வேறென்ன நடக்கும்? முதல் நாளிலிருந்தே ஒரே அட்டவணை வையுங்கள்: வீட்டுக்கு ஒரு வரிசை, டிடிஎஸ், மாதக் கேன் செலவு, உப்பான காலம் எல்லாம் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில். வரலாற்று மாணவர் மீட்டர் பிடிக்கட்டும், வேதியியல் மாணவர் பேட்டி எடுக்கட்டும். பாதி மதிப்பெண், பத்திகள் ஒன்றோடொன்று முரண்படும் வீடுகளை விளக்குவதற்கு.

டிடிஎஸ் 400, ஆனாலும் கேன் வாங்குகிறார்கள் என்றால் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகச் சொல்லுங்கள். சாக்கடைக் கசிவையும் கிருமியையும் மீட்டர் காட்டாது. வீட்டம்மாவின் மூக்கு முதலிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.