குளிர்காலத்தில் ஹீட் பம்ப் பில் எகிறுகிறதா? மறைந்து ஓடும் ஹீட்டரைக் கண்டுபிடிக்கும் வழி

ஹீட் பம்ப் இருக்கும் வீட்டில் குளிர்காலக் கரண்ட் பில் திடீரென்று எகிறினால், பலர் ஹீட் பம்ப் வாங்கியதையே நொந்துகொள்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் குற்றவாளி அதுவல்ல. உள்ளே துணைக்கு வைத்திருக்கும் ஹீட்டர் காயில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 'ஆக்ஸ்' என்று காட்டுவது அதைத்தான். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்து நிறுத்துவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுகிறது. வெளியே 7 டிகிரி செல்சியஸ் இருந்தால், 1 யூனிட் கரண்டுக்கு 3 முதல் 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். மைனஸ் 10, 15 என்று இறங்கும்போது அது 2-ஐ ஒட்டி வந்துவிடும். ஹீட்டர் காயில் அப்படியல்ல, வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு மாதிரி எந்தக் குளிரிலும் 1 யூனிட்டுக்கு 1 யூனிட்தான் தரும். 10 கிலோவாட் காயில் தினமும் 2 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 600 யூனிட். அதே வெப்பத்தை ஹீட் பம்ப் 200 யூனிட்டில் கொடுத்துவிடும்.

படி 1: பில்லில் இருக்கும் யூனிட்டைப் பாருங்கள்

தொகையைப் பார்க்காதீர்கள், கட்டணம் மாறியிருக்கலாம். மொத்த யூனிட்டை நாட்களால் வகுத்து, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ரீடிங் நிஜமாக எடுத்ததா, உத்தேசமாகப் போட்டதா என்பதும் பில்லிலேயே இருக்கும்.

படி 2: மீட்டர் விளக்கை எண்ணுங்கள்

எந்தக் கருவியும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். பல டிஜிட்டல் மீட்டர்களின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 1000 இம்ப் என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அதாவது 1000 முறை சிமிட்டினால் 1 யூனிட். 10 சிமிட்டலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, 36-ஐ அந்த நொடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் கிலோவாட் வந்துவிடும். 18 நொடி ஆனால் 2 கிலோவாட், அது கம்ப்ரஸர் மட்டும் ஓடும் அளவு. 3 நொடியில் முடிந்துவிட்டால் 12 கிலோவாட்! அடுப்பும் கீஸரும் அணைந்திருக்கும்போது இப்படி வந்தால், பெரும்பாலும் காயில்தான் ஓடுகிறது. சிமிட்டல் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் இருந்தால் மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து எண்ணுங்கள். உங்கள் மீட்டரில் 1000-க்குப் பதில் வேறு எண் இருந்தால், 36,000-ஐ அந்த எண்ணால் வகுத்து, 36-க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலையில் ஒரு முறை, நடுப்பகலில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை என்று எடுங்கள். காயில் எப்போது ஓடுகிறது என்பது தெரிந்துவிட்டால் ஏன் ஓடுகிறது என்பது பாதி தெரிந்த மாதிரி.

படி 3: தெர்மோஸ்டாட் எதை ஓட்டுகிறது?

என்னை அதிக நாள் அலைக்கழித்தது இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வீட்டுக்குள் சூடான காற்று வந்துகொண்டிருக்கும்போது வெளியே போய் அவுட்டோர் யூனிட்டைப் பாருங்கள். விசிறி சுற்ற வேண்டும், கம்ப்ரஸர் உறும வேண்டும். எங்கள் யூனிட்டின் மேல் கம்பிவலையில் இரவு பெய்த பனி கொஞ்சமும் கலையாமல் படிந்திருந்தது. உள்ளேயோ வீடு கதகதப்பாக இருந்தது. கம்ப்ரஸர் ஓடவே இல்லை, முழு வெப்பமும் காயிலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வீடு சூடாக இருப்பதால் பில் வரும்வரை யாருக்கும் சந்தேகமே வராது.

காரணம் தெர்மோஸ்டாட்டின் செட்டப். புது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை மாட்டியவர் சிஸ்டம் வகையை 'ஃபர்னஸ்' (எரிபொருளை எரித்துச் சூடாக்கும் வகை) என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படி வைத்தால், சூடு வேண்டும் என்றவுடன் 'டபிள்யூ' வயருக்குத்தான் சிக்னல் போகும். அந்த வயர் ஹீட்டர் காயிலுக்குப் போவது. கம்ப்ரஸரை எழுப்ப வேண்டிய 'ஒய்' வயர் சும்மா இருக்கும்.

சரிசெய்ய, முதலில் பிரேக்கரை அணைத்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒய்' கம்ப்ரஸர், 'ஜி' உள் விசிறி, 'ஓ/பி' ரிவர்சிங் வால்வு (சூடாக்குவதா குளிர்விப்பதா என்று திசைமாற்றுவது), 'டபிள்யூ' அல்லது 'ஆக்ஸ்' காயில். 'ஓ/பி'யில் வயரே இல்லையென்றால் அங்கேயே நிறுத்தி, விஷயம் தெரிந்த டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். வயர் இருந்தால், முகப்பை மாட்டிப் பிரேக்கரைப் போட்டுவிட்டு, மெனுவில் சிஸ்டம் வகையை 'ஹீட் பம்ப்' என்று மாற்றுங்கள். அடுத்து 'ஓ'வா 'பி'யா என்று கேட்கும். பெரும்பாலான கம்பெனிகளுக்கு 'ஓ', ரீம், ரூட் போன்ற சிலவற்றுக்கு 'பி'. மாற்றியதும் கம்ப்ரஸர் கிளம்ப 5 நிமிடம் வரை ஆகலாம், அது பாதுகாப்புக்கான தாமதம். கிளம்பிய பிறகும் உள்ளே குளிர்காற்று வந்தால் 'ஓ', 'பி' தேர்வை மாற்றிப் போடுங்கள்.

இன்னொரு விஷயம். ஹீட் பம்ப் காற்று 32 முதல் 40 டிகிரிக்குள்தான் வரும். உடம்புச் சூடே 37 என்பதால் கையை நீட்டினால் வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாது. பழுது என்று நினைத்து 'எமர்ஜென்சி ஹீட்'டுக்கு மாற்றிவிடாதீர்கள். அது கம்ப்ரஸரை ஒதுக்கிவிட்டுக் காயிலை மட்டும் ஓட்டும். கம்ப்ரஸர் கெட்டுப்போனால் மட்டும் தொட வேண்டிய பட்டன்.

படி 4: ராத்திரி குறைத்துக் காலையில் ஏற்றாதீர்கள்

கேஸ் ஹீட்டருக்குச் சரியான பழக்கம் இங்கே செலவு வைக்கிறது. காலையில் 17-லிருந்து 21-க்கு ஒரேயடியாக ஏற்றினால், பல தெர்மோஸ்டாட்கள் 'ஹீட் பம்ப்பால் ஆகாது' என்று முடிவுகட்டி உடனே காயிலைச் சேர்த்துவிடும். ஒரே வெப்பநிலையில் விடுங்கள். குறைத்தே தீர வேண்டுமென்றால் 1 டிகிரியோடு நிறுத்துங்கள்.

படி 5: காயிலுக்கு ஓர் எல்லை

நல்ல தெர்மோஸ்டாட்டில் 'ஆக்ஸ் லாக்அவுட்' என்று ஓர் அமைப்பு உண்டு. வெளியே இந்த அளவுக்கு மேல் இருந்தால் காயிலைத் தொடாதே என்று சொல்லிவைக்கலாம். 2 டிகிரியில் ஆரம்பித்து, வீடு குளிராதவரை சிறிது சிறிதாக இறக்குங்கள். காயில் பிரேக்கரையே அணைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கடுங்குளிரில் கம்ப்ரஸர் நின்றுவிட்டால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும்.

ஃபில்டரை மாற்றுங்கள். அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிப் பனி குவியவிடாதீர்கள்.

கருவி வாங்குவதானால், பிரேக்கர் பெட்டிக்குள் ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனித்தனியாக அளக்கும் எனர்ஜி மானிட்டரையே வாங்குங்கள், எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் இதற்கு உதவாது, ஹீட் பம்ப்பும் காயிலும் பிளக்கில் ஓடுபவை அல்ல.

பின்சேர்க்கை

அவுட்டோர் யூனிட்டிலிருந்து புகை வருகிறது என்று ஒருவர் பதறி எழுதியிருந்தார். அது நீராவி. அந்த யூனிட்டின் குழாய்ச்சுருளில் படிந்த உறைபனியை உருக்க, மெஷின் சில நிமிடம் திசைமாறி ஓடும். இதுதான் டிஃப்ராஸ்ட். அந்த நேரத்தில் உள்ளே குளிர்காற்று வராமலிருக்க ஹீட்டர் காயில் எரிவதும் இயல்பு. டிஃப்ராஸ்ட் முடிந்த பிறகும் பனிக்கட்டி அப்படியே இருந்தால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

மறுபடியும் ஒரு சேர்க்கை

ரேடியேட்டரில் சுடுதண்ணீர் ஓடும் வகை வைத்திருப்பவர்கள் தங்களுக்கு எதுவும் பொருந்தவில்லை என்றார்கள். நியாயம்தான். உங்களுக்கு முக்கியம் தண்ணீரின் வெப்பநிலை. 55 டிகிரியில் ஓடுவதை 45-க்கு இறக்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 முதல் 3 சதவீதம் மிச்சம். வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் வெப்பநிலையை மாற்றும் 'வெதர் காம்பன்சேஷன்' அமைப்பை ஆன் செய்து, தினம் ஒரு டிகிரி இறக்கிக்கொண்டே வாருங்கள். மிகக் குளிரான அறை தாங்காது என்ற இடத்தில் ஒரு டிகிரி ஏற்றி நிறுத்துங்கள். சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் தனியாக ஒரு 3 கிலோவாட் ஹீட்டர் இருக்கும். கிருமிகளைக் கொல்ல வாரம் ஒரு முறை 60 டிகிரிக்கு ஏற்ற அது ஓடுவது சரி. தினமும் ஓடுகிறதா என்று அதன் டைமரைத் திறந்து பாருங்கள்.