லசோட்டா கலக்கும் முன் தண்ணீரில் பால் பவுடர்

கோழிகளுக்கு ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பு மருந்தான லசோட்டாவைக் குடிதண்ணீரில் கொடுப்பதானால், முதலில் லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்து, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அதன் பிறகுதான் மருந்து.

லசோட்டாவில் இருப்பது உயிருள்ள வைரஸ். தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும். மருந்து கொடுத்தும் பண்ணையில் நோய் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பாலின் புரதம் குளோரினைப் பிடித்துக்கொள்வதால் வைரஸ் பிழைக்கும். குப்பியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் திறங்கள். கொழுப்புள்ள பால் பவுடர் வேண்டவே வேண்டாம், கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயை அடைக்கும். மருந்து வைக்கும் முன் கோழிகளை 1 முதல் 2 மணி நேரம் தாகமாக விட்டு (கோடையில் குறைத்து), கலந்த தண்ணீர் 2 மணி நேரத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வையுங்கள்.

ப்ளீச்சிங் பவுடர் தாராளமாகப் போட்ட தொட்டிக்கு இது போதாது. 2 நாள் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். கண் சொட்டுக்கும் ஆர்2பி (இதே நோய்க்கான இன்னொரு தடுப்பு மருந்து) ஊசிக்கும் இந்த முறை கிடையாது, அவற்றுக்குரிய கரைப்பான்தான். ஏற்கெனவே இருமித் தும்மும் கோழிகள் இருந்தால் மருந்து கலக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.