மஸ்டாங் ஜிடியின் வேகத்தைக் கூட்ட

ஃபோர்டின் ஸ்போர்ட்ஸ் காரான மஸ்டாங் ஜிடியின் 2015–17 மாடலுக்கு 435 குதிரைத்திறன். அதற்கு மேலும் வேண்டுமென்றால், ஃபோர்டின் பந்தய, வேகப் பாகங்களுக்கான பிரிவான ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸின் பவர் பேக் 2 என் தேர்வு. இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் ஏர் இன்டேக், அந்தக் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி (மஸ்டாங்கின் வேகமான வகையான ஷெல்பி ஜிடி350-இன் 87 மி.மீ. பாகம்), இரண்டுக்கும் பொருந்தும் ட்யூனிங் (இன்ஜின் கம்ப்யூட்டருக்கான மென்பொருள்) எல்லாம் ஒரே செட்டில் வந்துவிடும். பாகத்தை மாற்றிவிட்டு, ட்யூனிங் ஏற்றாமல் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பழைய ஏர் பாக்ஸிலிருந்து காற்றளவு சென்சாரைக் கழற்றும்போது அதன் மெல்லிய உள்பகுதியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினாலே அளவு தப்பாகக் காட்டும். ட்யூனிங் ஏற்றும் நேரம் முழுக்க பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்கட்டும். பாதியில் மின்னழுத்தம் இறங்கினால் இன்ஜின் கம்ப்யூட்டரே முடங்கிப்போகலாம், அந்தச் செலவு பெரிது. அப்புறம், இனி பிரீமியம் பெட்ரோல் மட்டும்தான்.